இறுகிய தசையும் இளக்கும் கையும்

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். படிவம் மூன்றில் பயிலும் மாணவன் ஒருவன் பூப்பந்து ஆடும்போது வழுக்கி விழுகிறான். வலக்கை முழங்கைக்கு அருகில் எலும்பு முறிகிறது. மருத்துவர் முழங்கையை மடக்கிய நிலையில் வைத்து மாவுக்கட்டுப் போடுகிறார். நான்கு வாரங்கள் கழிகின்றன. கட்டைப் பிரிக்கும் நாளும் வருகிறது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டதென்று மருத்துவர் சொல்கிறார். மாணவன் மகிழ்ச்சியுடன் கையை நீட்ட முயல்கிறான். கை நீளவில்லை. மடங்கிய நிலையிலேயே நிற்கிறது. மற்றக் கையைவிட மெலிந்தும் இருக்கிறது.

உடன் வந்த பாட்டிக்குப் பதற்றம். “எலும்புதான் கூடிவிட்டதே, கை ஏன் இன்னும் நீளவில்லை? வீட்டுக்குப் போனதும் எண்ணெயைக் காய்ச்சி நன்றாக அழுத்தித் தேய்த்து, இழுத்துவிட்டால் சரியாகிவிடும். எங்கள் காலத்தில் அப்படித்தான் செய்தோம்” என்கிறார். அங்கிருந்த இயன்முறை மருத்துவர், “பாட்டி, உங்கள் கையும் இவனுக்கு வேண்டும். ஆனால், அதை எப்போது, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன் எதையும் இழுத்துவிடாதீர்கள்” என்கிறார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? பாட்டி சொன்னதில் எது சரி, எது தவறு? இதை அறிய வேண்டுமானால், நம் தசைகள் எப்படி இறுகிப்போகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தசை இறுகுவது எவ்வாறு?

நம் தசைகள் மெல்லிய இழைகளால் ஆனவை. ஒவ்வோர் இழையினுள்ளும் சார்கோமியர் எனப்படும் நுண்ணிய கூறுகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒரு சார்கோமியரின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்குதான். சங்கிலியில் கண்ணிகள் கோத்திருப்பதைப்போல் ஆயிரக்கணக்கான சார்கோமியர்கள் கோத்திருப்பதால்தான் தசைக்கு நீளம் கிடைக்கிறது.

தசை இழைகளைச் சுற்றி இணைப்புத் திசு என்னும் உறை இருக்கிறது. கொலாஜன் என்னும் உறுதியான புரதத்தால் ஆன இந்த உறை, இழைகளைக் கட்டிக் காத்து, அவற்றின் விசையை எலும்புக்குக் கடத்துகிறது. தசை காயமடையும்போதும் நெடுநாள் அசையாமல் இருக்கும்போதும் இந்தத் திசு அளவுக்கு மீறிப் பெருகுவது உண்டு. மென்மையாக இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான நார் படர்கிறது. இதனை நார்த்திசுப் பெருக்கம் என்கிறோம்.

நாம் ஒரு பொருளைத் தூக்கும்போது தசை சுருங்குகிறது. இறக்கி வைத்ததும் தளர்கிறது. இது இயல்பான சுருக்கம். ஆனால், தசையும் மூட்டைச் சுற்றியுள்ள உறையும் குறுகி, ஓய்வில் இருக்கும்போதும் பழைய நீளத்திற்குத் திரும்ப முடியாமல் போனால், அதனை நிலைச்சுருக்கம் எனலாம். முன்னது வேலை, பின்னது முடக்கம்.

நான்கு வாரங்களில் இவ்வளவு மாற்றம் ஏற்படுமா என்று நீங்கள் வியக்கலாம். பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் பூனையின் கெண்டைக்கால் தசையைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 1972இல் வெளிவந்தது. தசையைக் குறுகிய நிலையில் நான்கு வாரங்கள் அசையாமல் கட்டி வைத்தபோது, வரிசையாக இருந்த சார்கோமியர்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துவிட்டது. அதாவது, சங்கிலியின் கண்ணிகளே குறைந்துவிட்டன. ஆனால், கட்டை அவிழ்த்து, கால் மீண்டும் இயங்கத் தொடங்கியபின், அந்தக் கண்ணிகள் சில வாரங்களில் திரும்பவும் உருவாயின. தசை தன்னை நாம் எப்படி வைத்திருக்கிறோமோ, அதற்கேற்பத் தன் நீளத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை இந்த ஆய்வு காட்டியது. பாட்டியின் கேள்விக்கு இதுவே முதல் விடை. எலும்பு கூடிய அதே நான்கு வாரங்களில், அசையாமல் இருந்த தசையும் மூட்டு உறையும் குறுகிவிட்டன.

இறுக்கம் வரும் வழிகள்

மாவுக்கட்டு மட்டுமே இதற்குக் காரணமன்று. பக்கவாதத்தால் கையோ காலோ செயலிழந்தவர்கள், தீக்காயம் பட்டவர்கள், நெடுநாள் படுக்கையில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் நிலைச்சுருக்கம் வரலாம். சில பச்சிளங்குழந்தைகளுக்குக் கழுத்தின் ஒரு பக்கத் தசையில் நார்த்திசு பெருகி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

மருத்துவமே காரணமாகிவிட்ட நிகழ்வும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் பல சிறுவர்களால் முழங்காலைச் சரியாக மடக்க முடியவில்லை. 1973இல் யமனாஷி மாநிலத்தில் இச்சிக்கல் பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது. சளி, காய்ச்சல் போன்றவற்றுக்காகக் குழந்தைகளின் தொடையில் திரும்பத் திரும்ப ஊசி போடப்பட்டதால் தொடைத் தசை சிதைந்து, அந்த இடத்தில் நார்த்திசு படர்ந்திருந்தது. அவர்களுள் பலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. படர்ந்த நாரை அகற்றுவதைவிட, அது படராமல் காப்பதே எளிது என்னும் பாடத்தை இந்நிகழ்வு உணர்த்தியது.

இன்னொரு வகை இறுக்கம் மிக விரைவில் வரும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோன் வோல்க்மன் 1881இல் இதனை விளக்கினார். கட்டு மிகவும் இறுக்கமாக இருந்தாலோ, காயத்தின் வீக்கம் உள்ளே அழுத்தினாலோ தசைக்குச் செல்லும் இரத்தம் தடைபடும். சில மணி நேரத்திலேயே தசை இறக்கத் தொடங்கும். இறந்த தசையின் இடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்ளும். விரல்கள் பறவையின் நகத்தைப்போல் வளைந்து நிற்கும். ஆகவே, கட்டுப் போட்டபின் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், விரல்கள் மரத்துப்போனாலும், வெளிறினாலும் அல்லது நீலம் பாய்ந்தாலும், விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி எடுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் தேய்த்துவிடுவதால் எந்தப் பயனும் இல்லை, காலம்தான் வீணாகும்.

கையால் செய்யும் மருத்துவம்

வலித்த இடத்தைத் தடவிக்கொள்வது மனித இயல்பு. அந்த இயல்பைப் பல இனத்தவரும் ஒரு கலையாக வளர்த்துள்ளனர். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். மலாய்க்காரர்களின் ‘உருட்’ நம் நாட்டில் அனைவரும் அறிந்ததே. சீனர்களிடம் ‘துய்னா’ என்னும் முறை உள்ளது. நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் ஆகியவை ஐரோப்பிய முறையின் அடிப்படை அசைவுகளாகும்.

இன்றைய இயன்முறை மருத்துவத்திற்கும் பிடித்துவிடும் கலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1894இல் இங்கிலாந்தில் செவிலியர் நால்வர் சேர்ந்து, முறையான பயிற்சி பெற்று உடல் பிடித்துவிடும் பெண்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினர். அந்தச் சங்கமே பின்னாளில் அந்நாட்டின் இயன்முறை மருத்துவர்களின் சங்கமாக வளர்ந்தது.

மலேசியாவிலும் இக்கலை ஒதுக்கப்படவில்லை. 2007 முதல் சில அரசு மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் இயங்கி வருகின்றன. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் மலாய், சீன, இந்திய மருத்துவ முறைகள் உள்ளிட்ட துறைகளை ஒழுங்குபடுத்துகிறது. எனவே, “பிடித்துவிடுவது நல்லதா, கெட்டதா?” என்று கேட்பது பொருத்தமான கேள்வியன்று. “எந்த நிலையில், எவ்வளவு, யாருடைய கையால்?” என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வுகள் சொல்வது என்ன?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 11 இளைஞர்கள் களைத்துப்போகும்வரை மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். பிறகு, ஒவ்வொருவருக்கும் ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டனர். இரு கால்களிலிருந்தும் சிறு தசைத் துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டபோது, பிடித்துவிட்ட காலில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குறைவாக இருந்தன. ஆனால், பலரும் நம்புவதைப்போல் லாக்டிக் அமிலம் அதனால் வெளியேறவில்லை. பிடித்துவிடுவதால் பயன் உண்டு. ஆனால், அந்தப் பயன் நாம் நினைத்த காரணத்தால் வருவதில்லை என்பதை இந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. எலிகள் ஒரே வேலையை வலிமையுடன் பல வாரங்கள் திரும்பத் திரும்பச் செய்ததால், அவற்றின் முன்னங்கைகளில் நார்த்திசு பெருகியது. வேலை நடந்த காலத்திலேயே கையால் பிடித்துவிடப்பட்ட எலிகளிடம் இந்தப் பெருக்கம் குறைவாக இருந்தது. நார் முற்றிய பிறகு செய்த சிகிச்சையன்று இது. நார் உருவாகும் காலத்தில் கொடுத்த காப்பு. எலிக்குப் பொருந்தியது மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. என்றாலும், காலம் முக்கியம் என்னும் குறிப்பு இதில் இருக்கிறது.

சரி, ஏற்கெனவே ஏற்பட்டுவிட்ட நிலைச்சுருக்கத்தை நீட்டிவிட்டால் போகாதா? உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2017இல் இதைப் பற்றிய 49 ஆய்வுகளை ஆராய்ந்தது. 2,000க்கும் மேற்பட்டோர் அவற்றில் பங்கெடுத்திருந்தனர். பிறர் கையால் நீட்டுவது, தாங்கு பட்டை கட்டி நீட்டி வைப்பது போன்ற முறைகளைச் சில மாதங்கள் கையாண்டும் மூட்டின் அசைவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்படவில்லை என்பதே அதன் முடிவு. முற்றிய இறுக்கம் எளிதில் இளகாது என்பது இதனால் தெரிகிறது.

கழுத்துச் சாய்ந்த குழந்தைகளின் கதை வேறு. பிறந்த சில வாரங்களிலேயே இதனைக் கண்டறிந்து, இயன்முறை மருத்துவர் காட்டித் தரும் முறையில் பெற்றோர் நாள்தோறும் கழுத்தை மென்மையாக நீட்டிவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் அறுவைச் சிகிச்சையின்றியே நலமடைகின்றனர். தாமதமானால் சிகிச்சை நீள்கிறது. இங்கும் வெற்றியைத் தீர்மானிப்பவை கையின் வலிமையன்று. தொடங்கும் காலமும் நாள் தவறாத தொடர்ச்சியுமே.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. பிடித்துவிடுவது வலியைக் குறைக்கும். அச்சத்தால் விறைத்திருக்கும் தசையைத் தளர்த்தும். பயிற்சிக்கு உடலையும் மனத்தையும் ஆயத்தப்படுத்தும். ஆனால், முற்றிப்போன நாரைக் கை தனியாகக் கரைத்துவிடாது. குறைந்துபோன கண்ணிகளைத் தசை மீண்டும் உருவாக்க வேண்டுமானால், அந்தத் தசை இயங்க வேண்டும். அதை வேறொருவர் நமக்காகச் செய்துவிட முடியாது.

கை விலகி நிற்க வேண்டிய நேரம்

இப்போது, “இழுத்துவிடாதீர்கள்” என்று இயன்முறை மருத்துவர் சொன்னதன் காரணத்தைப் பார்ப்போம். முழங்கையில் அடிபட்ட சில வாரங்களில் அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும், மூட்டை வலுக்கட்டாயமாக இழுப்பதும் ஆபத்தானவை. காயம்பட்ட தசைக்குள் மீண்டும் இரத்தக் கசிவு ஏற்படலாம். சிலருக்குத் தசையின் நடுவே எலும்பே வளரத் தொடங்கிவிடும். அப்படி வளர்ந்தால் மூட்டு முன்பைவிட அதிகமாக முடங்கும். அன்போடு தேய்த்த கையே முடக்கத்திற்குக் காரணமாகிவிடும்.

எலும்பு இன்னும் கூடாத இடம், வீங்கிச் சிவந்து சூடாக இருக்கும் இடம், புண் ஆறாத இடம் ஆகியவற்றைப் பிடித்துவிடக்கூடாது. ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால், அங்கே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதனையும் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘வலிக்க வலிக்கத் தேய்த்தால்தான் குணமாகும்’ என்று சிலர் நம்புகின்றனர். கடும் வலி என்பது, “நிறுத்து” என்று உடல் சொல்லும் சொல். அதை மதிக்க வேண்டும்.

எட்டு விரற்கிடை

மாணவனின் கதைக்குத் திரும்புவோம். இயன்முறை மருத்துவர் அவனைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். மேற்கையைச் சுவரில் ஒட்டி, உள்ளங்கை முன்னால் தெரியும்படி கையைத் தொங்கவிடச் செய்தார். மடங்கிய கையின் மணிக்கட்டு சுவரைத் தொடாமல் விலகி நின்றது. அந்த இடைவெளியைப் பாட்டி தம் விரல்களால் அளந்தார். எட்டு விரற்கிடை இருந்தது.

“பாட்டி, இனி இதுதான் உங்கள் வேலை. முதலில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அதிகச் சூடு வேண்டாம். பிறகு, முழங்கையை விட்டுவிட்டு, உள்ளங்கையையும் தோளையும் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிடுங்கள். அதன்பின் அவனே கையை மடக்கி நீட்டட்டும். நீங்கள் இழுக்க வேண்டாம். எண்ணிக்கொண்டு மட்டும் இருங்கள்” என்றார் அவர்.

“நான் சும்மா எண்ணிக்கொண்டிருந்தால் கை நீண்டுவிடுமா, அம்மா?” என்று பாட்டி கேட்டார்.

“நீங்கள் எண்ணினால் இவன் ஒரு வேளையும் தவறவிடமாட்டான், பாட்டி” என்று அவர் சிரித்தார்.

நாளுக்கு நான்கு வேளை பயிற்சி தொடர்ந்தது. முதல் வாரம் மாணவனுக்குச் சலிப்பும் கோபமும் வந்தன. இடைவெளி எட்டு விரற்கிடையிலேயே நின்றது. இரண்டாம் வாரம் ஏழானது. ஒரு நாள் பாட்டிக்குப் பொறுமை இழந்தது. “ஒரே ஒரு முறை இழுத்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்டார். “வேண்டாம் பாட்டி, நானே இன்னும் பத்து முறை செய்கிறேன்” என்றான் அவன். அன்று முதல் பாட்டி அப்படிக் கேட்கவில்லை. ஐந்து, மூன்று என்று இடைவெளி குறைந்தது. பள்ளித் தவணை முடிந்தபோது ஒரு விரற்கிடை மிஞ்சியிருந்தது. அவன் மட்டையைப் பிடித்தான், பந்தையும் அடித்தான். ஆயினும், அந்தக் கடைசி விரற்கிடைக்காகப் பயிற்சியை அவன் நிறுத்தவில்லை. பாட்டியும் எண்ணுவதை நிறுத்தவில்லை.

நம் வீடுகளிலும் முழங்கால் மடங்காத தாத்தாவோ, பக்கவாதத்தால் விரல் மடங்கிப்போன உறவினரோ இருக்கலாம். அவர்களுக்கு நம் கை தேவை. நோவு குறைய நீவிவிடும் கையாக மட்டுமன்றி, அவர்கள் தாமே முயலும்போது அருகில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருக்கும் துணையாகவும் நாம் இருக்க வேண்டும். தசை இறுகிய பின் வருந்துவதைவிட, இறுகும் முன் அசைக்கத் துணைநிற்பது மேல்.

சிந்தித்து விடையளிப்போம்

1. இயல்பான தசைச் சுருக்கத்திற்கும் நிலைச்சுருக்கத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. 1972இல் வெளிவந்த ஆய்வு, மாணவனின் கை நீளாததற்கான காரணத்தை எவ்வாறு விளக்குகிறது?

3. கட்டுப் போட்டபின் எந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

4. “அன்போடு தேய்த்த கையே முடக்கத்திற்குக் காரணமாகிவிடும்.” இக்கூற்றை விளக்குக.

5. பாட்டியின் பாரம்பரிய அறிவையும் இயன்முறை மருத்துவரின் அறிவுரையையும் ஒப்பிட்டு, இரண்டும் இணைந்து செயல்பட்ட விதத்தைப் பற்றி உன் கருத்தை எழுதுக.